மூன்று வீட்டு வாடகை வந்தும் வேலைக்குப் போவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 38. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். கணவர் மினி லாரி ஓட்டுகிறார். இருவருக்குமாக மாதம் 45,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு 25,000 ஆகிறது. குடியிருப்பது சொந்த வீடு, மாடி காலி. சீட்டு, டெபாசிட் எல்லாம் சேர்த்துக் கையில் 16 லட்சம் இருக்கிறது. மங்கலம்பேட்டையில் 9 லட்சத்துக்கு ஒரு மனை வந்திருக்கிறது. 15 லட்சம் வங்கிக் கடன் போட்டு, அதில் 500 சதுர அடியில் இரண்டு வீடு கட்டினால் ஒவ்வொன்றும் 5,500 ரூபாய் வாடகை போகும். வாடகையே கடனை அடைத்துவிடும், ஐம்பது வயதில் வேலையை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். ஒன்றுதான் உறுத்துகிறது. என் பெரியப்பாவுக்கு மூன்று வாடகை வீடு உண்டு. மனை விலையும் நன்றாக ஏறிவிட்டது. ஆனாலும் 61 வயதில் மளிகைக் கடைக்கு வேலைக்குப் போகிறார். வாடகையை ஏற்றத் தெரியாத மனுஷன் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதுதான் காரணமா?

— ஒரு வாசகி, மங்கலம்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வாடகை வீடு கட்டலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கண்ணெதிரே இருக்கும் பெரியப்பாவை வைத்துத் தன் திட்டத்தைச் சோதித்துப் பார்ப்பவர்கள் அபூர்வம். நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. பதிலையும் கணக்காகவே சொல்கிறேன்.

முதலில் பெரியப்பா மேல் விழுந்த பழியை நீக்கிவிடலாம். 5,500 ரூபாய் வாடகையை 6,000 ஆக்கினால் ஆண்டுக்குக் கூடுதலாக வருவது 6,000 ரூபாய். ஏற்றம் பிடிக்காமல் குடியிருப்பவர் காலி செய்து, அடுத்தவர் வர ஒரு மாதம் ஆனால் 5,500 போய்விடும். ஆள் மாறும்போது வெள்ளையடிக்க வேண்டும், பழுதான குழாயையும் சுவிட்சையும் மாற்ற வேண்டும், புரோக்கருக்குக் கமிஷன் தர வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஏற்றிய ஆண்டில் நஷ்டமே மிஞ்சும். மாதம் பிறந்தால் வாடகை கொடுத்து, வீட்டையும் சுத்தமாக வைத்திருக்கும் குடும்பத்தை 500 ரூபாய்க்காக இழக்காதவர் விவரம் தெரிந்த மனிதர். வாடகையை ஏற்றியிருந்தாலும் அவர் மளிகைக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருப்பார்.

‘மனை விலை இவ்வளவு ஏறியிருக்கிறதே, வாடகையும் அதோடு சேர்ந்து ஏற வேண்டாமா?’ என்று அடுத்து ஒரு கேள்வி எழும். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மனை விலையும் வாடகையும் ஒன்றாக நடப்பதில்லை. இரண்டையும் தீர்மானிப்பவர்கள் வேறு வேறு ஆட்கள்.

மங்கலம்பேட்டையில் ஒரு மனைக்கு விலை சொல்லும்போது அதை வாங்க யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். நெய்வேலியில் வேலை பார்ப்பவர் வருகிறார். சென்னையில் சம்பாதித்துச் சொந்த ஊரில் ஒரு இடம் இருக்கட்டும் என்று நினைப்பவர் வருகிறார். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்களின் பணமும் வருகிறது. அவர்களில் பலர் அந்த மனையில் வீடு கட்டப் போவதே இல்லை. மகள் கல்யாணத்துக்கு ஆகும், பின்னால் விலை ஏறும் என்று வாங்கிப் போடுகிறார்கள். ஆக, வெளியூர்ச் சேமிப்பும் நாளைய நம்பிக்கையும் சேர்ந்து மனை விலையை மேலே தூக்குகின்றன.

வாடகை கொடுப்பவர் யார்? இங்கேயே இருந்து, இங்கே கிடைக்கும் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர். ஃபியூஸ் கேரியரும் பீங்கான் பொம்மையும் செய்யும் யூனிட்டில் வேலை பார்ப்பவர், மாற்றலாகி வந்த ஆசிரியர், வங்கி ஊழியர், விருத்தாசலம் ஜங்ஷனில் பணிபுரியும் ரயில்வேக்காரர். 18,000 சம்பளம் வாங்குபவர் வாடகைக்கு 5,500 ஒதுக்குவதே பெரிய காரியம். பக்கத்து மனை விலை இரண்டு மடங்கு ஆனதால் அவர் சம்பளம் இரண்டு மடங்கு ஆகிவிடாது. வாடகை வருவது அவருடைய சம்பளக் கவரிலிருந்து. அந்தக் கவர் கனத்தால் வாடகை ஏறும், மெலிந்தால் வாடகையும் தங்கிவிடும். பெரியப்பா வேலைக்குப் போவதற்கு மூல காரணம் இதுதான்.

நம்மவர்கள் இதைப் பெரிய அளவில் அனுபவித்த வரலாறு ஒன்று உண்டு. கீழ்ப் பர்மாவின் ஐராவதி டெல்டா நெல் வயலாக மாறிய காலத்தில், சாகுபடிக்கு வேண்டிய கடனில் பெரும்பகுதியைக் கொடுத்தவர்கள் செட்டிநாட்டிலிருந்து போன நகரத்தார்கள். அவர்கள் தொழில் வட்டி. நிலம் வெறும் ஈடுதான், அதைச் சொந்தமாக்கிக்கொள்வது அவர்கள் நோக்கம் இல்லை. 1930-ல் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசம் இருந்தது மொத்த சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை, ஈடாக இருந்த நிலம் கை மாறியது. 1938-ல் அந்தப் பங்கு 25 சதவீதமாகிவிட்டது. காகிதத்தில் பார்த்தால் நாலில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர்கள். ஆனால் குத்தகைக்காரர் நெல்லை விற்றுத்தான் குத்தகை கொடுக்க வேண்டும். நெல்லுக்கே விலை இல்லாதபோது குத்தகை எங்கிருந்து வரும்? அவ்வளவு நிலத்தையும் வாங்குவதற்கு ஆளும் இல்லை. 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. போட்ட முதலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிட்டது.

மங்கலம்பேட்டையில் அப்படி ஒரு படையெடுப்பு வரப் போவதில்லை. அதிலிருந்து நமக்கு வேண்டியது இரண்டு பாடங்கள். குடியிருப்பவரின் வருமானம்தான் வாடகையின் ஊற்று என்பது ஒன்று. எல்லாப் பணத்தையும் நிலத்தில் போட்டுவிட்டால் அவசரத்துக்கு அதை எடுக்க முடியாது என்பது இன்னொன்று.

இனி உங்கள் திட்டத்துக்கு வருவோம். மனை 9 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி உண்டு. உங்கள் பெயரில் வாங்கினால் 9,000 ரூபாய் மிச்சமாகி, பத்திரச் செலவு 72,000-ல் முடியும். ஆயிரம் சதுர அடி கட்டடத்துக்குச் சதுர அடி 2,000 வீதம் 20 லட்சம். போர், மின் இணைப்பு, சுற்றுச்சுவர் என்று மீதியைச் சேர்த்தால் மொத்தம் 31 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு வீட்டு வாடகை ஆண்டுக்கு 1,32,000. இதில் வீட்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடந்ததாக 11,000 கழியுங்கள். பழுதுபார்ப்புக்கு 10,000. சொத்து வரி, மோட்டார், சில்லறைச் செலவுக்கு 5,000. மிஞ்சுவது 1,06,000. இதற்கு நிகர வாடகை என்று பெயர், அதாவது எல்லாச் செலவும் போக உண்மையில் கையில் நிற்கும் பணம். போட்ட முதலில் இது எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் வாடகை ஈட்டு விகிதம். உங்களுக்கு அது 3.4 சதவீதம். நீங்கள் மோசமான மனையைத் தேர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இந்திய நகரங்களில் குடியிருப்பு வீடுகளின் விகிதம் பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதத்துக்குள்தான் நிற்கிறது.

இப்போது கடனைப் பக்கத்தில் வையுங்கள். 15 லட்சம், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் 13,500. நிகர வாடகை மாதத்துக்கு 8,800 சொச்சம். வாடகை கடனை அடைக்காது. ஒவ்வொரு மாதமும் சுமார் 4,660 ரூபாயை உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துப் போட வேண்டும். 9 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 3.4 சதவீதம் தரும் சொத்தில் போடும்போது, கடன் பெரிதாகப் பெரிதாகப் பள்ளமும் பெரிதாகும்.

‘வாடகைக்காரர் உன் கடனை அடைப்பார்’ என்ற யோசனை அமெரிக்கப் புத்தகங்களிலிருந்து வந்தது. அங்கே 30 ஆண்டுக்கும் ஒரே வட்டி என்று வீட்டுக் கடன் கிடைக்கிறது. பல ஊர்களில் வாடகை விகிதமும் நம்மைப் போல இரண்டு மடங்கு. நம் ஊரில் வீட்டுக் கடன் பெரும்பாலும் மாறும் வட்டியில்தான் கிடைக்கிறது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் அதை வெளி அளவுகோல் ஒன்றோடு இணைத்தாக வேண்டும். பல வங்கிகள் ரெப்போ விகிதத்தோடு, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியோடு இணைத்திருக்கின்றன. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமானது. 6.75 சதவீதத்தில் 15 லட்சம் வாங்கியவரின் தவணை, வட்டி 9.25 ஆகும்போது அதே 20 ஆண்டுக் கணக்கில் மாதம் சுமார் 2,300 ரூபாய் கூடும். அந்தப் பத்து மாதத்தில் எந்த வீட்டுக்காரரும் வாடகையை அவ்வளவு ஏற்றியிருக்க முடியாது. 2025-ல் ரெப்போ மறுபடி இறங்கியது, உண்மைதான். ஆனால் ஏறும் காலத்தைத் தாங்கத் தெம்பு இல்லாதவருக்கு இறங்கும் காலம் வரை சொத்து கையில் இருக்காது.

வீட்டுக் கடன் போட்டால் வருமான வரி மிச்சமாகும் என்றும் யாராவது சொல்வார்கள். புதிய வரி முறையில் 2025–26 முதல் 12 லட்சம் வரை ஆண்டு வருமானம் உள்ள சாதாரண சம்பளக்காரருக்கு வரியே இல்லை. கட்டாத வரியை மிச்சம் பிடிக்க வழி கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை, ஒத்தியைப் பற்றி. தவணை நெருக்கினால் ஒரு வீட்டை ஒத்திக்கு, அதாவது மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடத் தோன்றும். 3 லட்சம் வாங்கி வீட்டைக் கொடுத்தால் ஆண்டுக்கு 66,000 ரூபாய் வாடகையை விடுகிறீர்கள். அது 22 சதவீத வட்டிக்குச் சமம். வந்த 3 லட்சத்தைச் செலவழித்துவிட்டு, குடியிருப்பவர் திருப்பிக் கேட்கும்போது அடுத்த ஒத்திக்காரரைத் தேடி அலைபவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். பார்வைக்கு முன்பணம் போலத் தெரிந்தாலும் ஒத்தி சுத்தமான கடன், அதுவும் கடன்களிலேயே விலை கூடியது.

சரி, ஐம்பது வயதில் என்ன ஆகும்? விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் இன்றைய 25,000 ரூபாய்ச் செலவு 12 ஆண்டில் சுமார் 45,000 ஆகும். நிகர வாடகையும் அதே வேகத்தில் ஏறியதாகவே வைத்துக்கொண்டாலும் அது 15,900-க்கு வரும். தவணையோ இன்னும் எட்டு ஆண்டு பாக்கி. 13,500 கழிந்தால் கையில் நிற்பது 2,400 ரூபாய். அன்றைக்கு அந்த மனையும் வீடுகளும் நல்ல விலை போகலாம். அது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் விற்கும் அன்றுதான் அது பணமாகும். மாதா மாதம் அரிசியும் பருப்பும் வாங்க ஆகாது. உங்கள் பெரியப்பா சொத்துக்காரர்தான், அவருக்கு இல்லாதது மாத வருமானம்.

அப்படியானால் வாடகை வீடே வேண்டாமா? வேண்டும். விகிதத்தைக் கீழே இழுப்பது எது என்று பாருங்கள். வாடகைக்காரர் காசு கொடுப்பது கூரைக்கும் தண்ணீருக்கும். மனையின் விலைக்கு அவர் கொடுப்பதில்லை. ஆகவே புதிதாக மனை வாங்காமல் கட்டும் வீட்டில்தான் விகிதம் கூடும். அந்த வாய்ப்பு உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. காலியாக உள்ள மாடி.

மாடியில் 500 சதுர அடி கட்ட 10 லட்சம், வெளிப்படிக்கட்டு, தனி மின் மீட்டர், தண்ணீர்த் தொட்டி என்று இன்னும் ஒன்றரை லட்சம். மொத்தம் 11.5 லட்சம், கடன் இல்லை. ஆண்டு வாடகை 66,000. ஒரு மாதக் காலி 5,500, பழுது 5,000, வரி 1,500 போக 54,000 நிற்கும். விகிதம் 4.7 சதவீதம். கையில் இன்னும் 4.5 லட்சம் இருக்கும். அதில் ஆறு மாதச் செலவான ஒன்றரை லட்சத்தைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு திட்டத்தையும் எதிரெதிரே வைப்போம். சம்பள உயர்வையும் பிள்ளைகள் படிப்புச் செலவையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இன்றைய நிலையில் மாதம் மிஞ்சும் 20,000-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மனைத் திட்டத்தில் தவணைப் பள்ளத்தை அடைத்தபின் மாதம் 15,340 சேமிக்கலாம். மாடித் திட்டத்தில் வாடகையும் சேர்ந்து 24,500 சேமிக்கலாம். 7 சதவீத வட்டியில் 12 ஆண்டு சேர்த்தால் முதலாவது சுமார் 34 லட்சம், இரண்டாவது சுமார் 55 லட்சம். அந்தச் சேமிப்பின் வட்டியையும் அன்றைய வாடகையையும் கூட்டினால், மனைத் திட்டத்தில் மாதம் 22,500 வரும், மாடித் திட்டத்தில் சுமார் 40,000 வரும். உங்களுக்குத் தேவை 45,000. மனைத் திட்டம் பாதித் தூரத்தில் நிற்கிறது, மாடித் திட்டம் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. வட்டி முழுவதையும் சாப்பிட்டுவிட்டால் விலைவாசி முதலை அரித்துவிடும் என்பதால், ஐம்பதுக்குப் பிறகும் சில ஆண்டு உழைப்பது நல்லது. ஆனால் அப்போது வேலை உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை.

7 சதவீதம் எட்டாத எண் இல்லை. பொது வருங்கால வைப்பு நிதி 2020 ஏப்ரல் முதல் 2025 முடிய 7.1 சதவீதம் கொடுத்தது. அஞ்சலக மாத வருமானத் திட்டம் 2023 ஏப்ரலிலிருந்து 7.4 சதவீதம். வட்டி மாறக்கூடியதுதான், அதனால் பணத்தைப் பிரித்துப் போடுங்கள். பெரிய கட்டட வாடகையில் பங்கு வேண்டுமானால் ரெய்ட் என்ற வழி இருக்கிறது. பலரிடம் பணம் திரட்டி அலுவலகக் கட்டடங்களும் வணிக வளாகங்களும் வாங்கி, வரும் வாடகையைப் பிரித்துக் கொடுக்கும் அறக்கட்டளை அது. செபி 2014-ல் விதி வகுத்தது, முதல் ரெய்ட் 2019-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. பிரித்துத் தரக்கூடிய வருமானத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்பது விதி. சென்னை வடபழனியின் நெக்ஸஸ் விஜயா மால் அப்படிப்பட்ட ஒரு ரெய்டின் சொத்து. விலை ஏறி இறங்கும், ஆகவே சிறு பங்குக்கு மேல் வேண்டாம். ஆனால் அவசரம் வந்தால் ஒரு யூனிட்டை மட்டும் விற்கலாம். வீட்டில் ஒரு சுவரை மட்டும் விற்க முடியாது.

மாடி கட்டும் முன் செய்ய வேண்டியவை சில. அஸ்திவாரமும் தூண்களும் மேல்தளத்தைத் தாங்குமா என்று ஒரு பொறியாளரை வரவழைத்துப் பாருங்கள். இதில் மேஸ்திரியின் வாய்ச்சொல் போதாது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று அடிப்படையில் இணையவழி அனுமதி கிடைக்கிறது. உங்கள் மாடிக்கு அது பொருந்துமா என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவைச் சுற்றிப் பத்து வாடகை வீடுகளில் விசாரியுங்கள். வாடகை எவ்வளவு என்பதோடு, போன முறை காலியானபோது எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

வீடு பார்க்க வருபவர்களைக் கவனித்தால் அவர்கள் நேராகப் போய்க் குழாயைத் திறப்பது தெரியும். மே மாதத்திலும் மாடிக் குழாயில் தண்ணீர் வர வேண்டும், அதற்குத் தக்க உயரத்தில் தொட்டி வையுங்கள். உங்கள் வாசலைத் தொடாத தனிப் படிக்கட்டு, இரண்டு சக்கர வண்டிக்கு நிழல், வாடகைக்காரர் பெயரைச் சொல்லித் தனியாகக் காட்டக்கூடிய மீட்டர் பெட்டி. இவை இருந்தால் வீடு காலியாக நிற்காது. மொசைக்கா டைல்ஸா என்பதெல்லாம் பிறகு.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவதையும் கேட்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றம் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால், உங்கள் பெரியப்பாவைப் போல ஒவ்வொரு முறையும் சங்கடப்பட வேண்டாம்.

அந்த 9 லட்சம் ரூபாய் மனை மனதை விட்டுப் போகாது என்பதும் தெரியும். மூன்று ஆண்டு மாடி வீட்டை நடத்துங்கள். வரவு, செலவு, காலி நாள் மூன்றையும் தனி நோட்டில் எழுதுங்கள், அது உங்களுக்குக் கைவந்த வேலை. அதற்குப் பிறகும் மனை வேண்டுமென்றால், கடன் இல்லாமல் சேமிப்பின் ஒரு பகுதியிலேயே முடியும்போது வாங்குங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் நான்கையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். கடன் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே சோதனை: நிகர வாடகையை மொத்த முதலால் வகுத்து வரும் சதவீதம், வங்கி கேட்கும் வட்டிக்குக் கீழே இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.